கை நனைக்காதவன்

1

காலை ஏழு பத்து. கதவில் உள்ள தபால் பொந்து வழியாக விழுந்து கிடந்த உறைதான் முதலில் கண்ணில் பட்டது. பழுப்பு நிறம். ஒரு மூலை ஈரம் பட்டுக் காய்ந்து நெளிந்திருந்தது. இந்தியத் தபால்தலைகள். முகவரி டைப் அடிக்கப்பட்டிருந்தது. விமானத் தபாலுக்கு ஒட்டும் நீலத்தாள் இல்லை; கப்பலில் வந்த தபால்.

எடுத்துச் சமையலறை மேசையில் வைத்தேன். பிரிக்கவில்லை. என் காலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வாய், மற்றதெல்லாம் அதன் பிறகுதான்.

வாய்க்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்து முடித்து இன்றோடு மூன்று வருடம் ஆகிறது. பத்தரைக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை. ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள், "குணமாகிவிட்டதே, இனி என்ன கவலை" என்று எழுதுகிறார்கள். எல்லாக் கடிதத்திலும் ஏறக்குறைய இதே வாக்கியம். அவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

நான் விழிக்கும்போது நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டியிருக்கும். நேராக இழுத்தால் தோல் உரியும். கட்டிலருகே வைத்திருக்கும் தண்ணீரில் ஒரு மிடறு வாயில் விட்டு, அரை நிமிடம் காத்திருந்து, பிறகுதான் அசைக்க வேண்டும். அடுத்து உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெந்நீரால் வாய் கொப்பளிப்பது. அதற்கு அடுத்தது குச்சிகள்.

டாக்டர்கள் நாக்கை அழுத்திப் பார்ப்பார்களே, அந்தத் தட்டையான மரக்குச்சிகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே செருகி, தாடை வலிக்கிற வரை திறந்து, ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். கரண்ட் வைத்த தாடை நாளாக நாளாக இறுகும். கவனிக்காமல் விட்டால் பூட்டிக்கொள்ளும். இன்று பதினான்கு குச்சி. போன வாரமும் பதினான்கு. போன வருடம் இதே நாளில் பதினேழு.

குச்சியோடு உட்கார்ந்திருந்தபோது என் மகள் கவிதா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பதினைந்து வயது. ரொட்டியை வாட்டி வெண்ணெய் தடவித் தட்டில் வைத்துக்கொண்டாள்.

"இதை இங்கேதான் செய்ய வேண்டுமா, அப்பா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். 'அப்பா' மட்டும் தமிழ். குச்சி இருக்கும்போது நான் பதில் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரியும். தட்டோடு மாடிக்குப் போய்விட்டாள். நான் விழுங்கும்போது வரும் சத்தம் அவளுக்குப் பிடிப்பதில்லை. எனக்கும் பிடிப்பதில்லை. அவளைப் போல அதிலிருந்து தப்பி மாடிக்குப் போக என்னால் முடியாது, அவ்வளவுதான்.

2

மதுரையில் ஒரு நாளிதழில் ஒன்பது வருடம் பிழை திருத்தினேன். ஒரு பக்கத்தை மூன்று முறை படிக்க வேண்டும் என்று அங்கே பழக்கினார்கள். முதல் முறை எழுத்துக்கு, இரண்டாம் முறை பெயர்களுக்கு, மூன்றாம் முறை எண்களுக்கு. மூன்றையும் ஒரே தடவையில் பார்க்கிறேன் என்கிறவன் மூன்றையும் கோட்டை விடுவான். வெற்றிலையும் புகையிலையும் அந்த மேசையில்தான் பழகின. எழுபதுகளின் தொடக்கத்தில் மனைவி வசந்தாவோடும் கைக்குழந்தையோடும் இங்கே வந்து ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். குஜராத்திக் கடையில் வெற்றிலை கிடைத்தது; புகையிலையும் கிடைத்தது. பத்து வருடம் கழித்து நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது.

என் முகத்துக்கு அச்சு எடுத்து பிளாஸ்டிக்கில் ஒரு மூடி செய்தார்கள். அதை என் முகத்தின்மேல் வைத்து மேசையோடு திருகி முடுக்கினார்கள். ஆள் அசையக் கூடாது. அறையில் இருக்கிறவர்கள் எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முப்பது முறை. அதற்கு முன்பே பின்பற்கள் பதினொன்றைப் பிடுங்கிவிட்டார்கள். கரண்ட் வைத்த எலும்பில் பிறகு பல் பிடுங்கினால் ஆறாதாம்.

மூன்றாவது வாரத்தில் ருசி போனது. முதலில் இனிப்பு, கடைசியில் உப்பு. பிறகு வாய் முழுக்கப் புண். பிறகு எச்சில் பசைபோலக் கெட்டியாகி, ஒருநாள் நின்றே போனது. ருசி பாதி திரும்பியிருக்கிறது. எச்சில் திரும்பவில்லை. இனி வராது என்றார்கள். எச்சில் இல்லாத வாயில் சோறு மணல். காரம் நெருப்பு. பேச்சு, இரண்டு வாக்கியத்துக்கு ஒரு மிடறு தண்ணீர்.

நோய்க்கால உதவித்தொகை கேட்டு அலுவலகத்துக்குப் போனேன். அன்று கையில் தண்ணீர் இல்லை. குரல் எழும்பவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போனாள், ஐந்து துண்டுப் பிரசுரங்களோடு வந்தாள். இந்தி, உருது, பஞ்சாபி, குஜராத்தி, வங்காளம். ஐந்தையும் எனக்கு முன்னால் விரித்து வைத்து, எது என்று விரலால் கேட்டாள். நான் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினேன்: 'எனக்கு உங்கள் மொழி தெரியும். எச்சில்தான் இல்லை.' படித்துவிட்டு, "நன்றாக எழுதுகிறீர்களே" என்றாள். அவள் தந்த படிவத்தில் ஒரு கேள்வி: 'உங்களால் சாப்பிட முடியுமா? ஆம் / இல்லை.' இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி எழுதினேன். படிவம் முழுமையாக இல்லை என்று திரும்பி வந்தது.

3

போன வருடம் தை மாதம் மதுரைக்குப் போனேன். என் தங்கை கமலா பழங்காநத்தத்தில் இருக்கிறாள். அவள் கணவர் சுப்பையா, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மகள் சுமதிக்கு இருபத்தேழு வயது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிறாள். இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. ஒன்று ஜாதகத்தில், ஒன்று உயரத்தில். மூன்றாவது வாடிப்பட்டியிலிருந்து வந்திருந்தது. பையன் பெயர் செல்வம், அரசு அலுவலகத்தில் கிளார்க். தாய்மாமன் ஊருக்கு வரட்டும் என்று பேச்சை நிறுத்தி வைத்திருப்பதாகக் கமலா எழுதியிருந்தாள். அப்போது ஊரில் என் நோய் அவளுக்கும் சுப்பையாவுக்கும் மட்டுமே தெரியும்.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியிலிருந்து ஆறு சிறிய பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்தார். அழுத்தினால் சாரல் அடிக்கும் பாட்டில்கள்.

"என்னா சார் இது?"

"எச்சில்."

"யார் எச்சில்?"

"மருந்து சார். வாயில எச்சில் ஊறாதவங்களுக்கு அடிச்சுக்கிறது."

அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். "யோவ், இங்க வா. எச்சிலயும் பாரின்லேந்து கொண்டாறாங்கய்யா." இருவரும் ஆளுக்கு ஒரு முறை காற்றில் அடித்து முகர்ந்து பார்த்தார்கள். நான்கு பாட்டில்களைத் திருப்பித் தந்தார்கள்.

4

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்கள் இதைப் படிக்கக்கூடும். பேச்சு முற்றியதும் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவார்கள். பெண் போகக்கூடாது. வீடும் ஆட்களும் பிடித்துப்போனால் அங்கேயே சாப்பிடுவார்கள். அதற்குப் பெயர் கை நனைப்பது. கை நனைத்துவிட்டால் கல்யாணம் உறுதி. பிடிக்காவிட்டால் காப்பிகூடக் குடிக்காமல் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து வந்துவிடுவார்கள். எழுந்து வருவதே பதில். பந்தியில் முதல் கை பெண்ணின் தாய்மாமனுடையது. அவன் எடுத்து வாயில் வைக்கும்வரை மற்ற இலைகள் காத்திருக்கும். தாய்மாமன் ஊரில் இருந்துகொண்டு வராமல் போனால் அதற்கும் ஒரு பொருள் உண்டு. அது இன்னும் மோசமானது.

வந்த இரண்டாம் நாள் சுப்பையா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மச்சான், ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதீக. அந்தப் பேர மட்டும் அங்க எடுத்துறாதீக. அல்சர்னு சொல்லிக்கிருவோம்."

"அல்சர் வயித்துல வர்றது."

"வாயில வரக்கூடாதுன்னு சட்டமா? யாரு டார்ச்சு அடிச்சுப் பாக்கப்போறா?"

"உண்மையச் சொன்னா என்ன?"

"என்னவா? ரத்தத்துலயே இருக்குன்னு பேசுவாய்ங்க. மாமனுக்கு வந்தது மருமகளுக்கு வராதாம்பாய்ங்க. இன்னைக்கு வாடிப்பட்டியில சொன்னா நாளைக்குத் திருமங்கலம் வரைக்கும் போயிரும். அப்புறம் ஒங்க மருமகளுக்கு எவன் வருவான், நீங்க லண்டன்ல பாத்துவைப்பீகளா?"

நான் இருப்பது அதே நாட்டில் வேறோர் ஊர்; லண்டனில் இருந்ததே இல்லை. அதை அவருக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் ஓர் ஒத்திகை நடந்தது. கமலா சோற்றைக் குழைய வடித்து, பருப்புத்தண்ணீர் விட்டு, நெய் ஊற்றிப் பிசைந்து தந்தாள். ஒரு கவளம் எடுத்தேன். சுப்பையா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் டம்ளர் தண்ணீர் செலவானது.

"நாலு நிமிசம்," என்றார் சுப்பையா. "பந்தியில நாலு நிமிசம் எவன் வாயப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பான்?"

"எங்கண்ணன் என்ன பரிச்சையா எழுதுது? சும்மா இருங்க," என்றாள் கமலா. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவள் பார்த்ததும் கடிகாரத்தைத்தான்.

சுமதி என்னிடம் தனியாக வந்தது மறுநாள் காலை, புறப்படுவதற்கு முன்பு. பையனை பஸ்ஸில் இரண்டு முறை பார்த்திருக்கிறாளாம். பேசியதில்லை. ஒருமுறை அவன் எழுந்து ஒரு கர்ப்பிணிக்கு இடம் கொடுத்தானாம்.

"மாமா, எனக்கு அவரப் புடிச்சிருக்கு. ஒங்களுக்குக் கஷ்டம்னு அம்மா சொல்லுச்சு. ஒரு வாய். ஒரே ஒரு வாய் சாப்பிட்டுருங்க, போதும்."

"சரிம்மா," என்றேன்.

5

வாடகை அம்பாசிடரில் ஏழு பேர் போனோம். கமலா, சுப்பையா, அவருடைய அக்கா, அக்கா கணவர், டிரைவர், நான், பாண்டி. பாண்டி என் சித்தப்பா மகன். திருப்பரங்குன்றத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். பதினொன்று நாற்பதுக்கு வாடிப்பட்டி. கூடத்தில் இலை போட்டுத் தண்ணீர்கூடத் தெளித்துவிட்டிருந்தார்கள். சம்மதம் கேட்கும் முன்பே இலை போடுகிறவர்கள், ஒன்று மிகவும் நல்லவர்கள் அல்லது மிகவும் நம்பிக்கை உள்ளவர்கள். வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். ஓட்டு வீடு, பின்னால் கிணறு, மோட்டார். எல்லோருக்கும் பிடித்திருந்தது. சுப்பையா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். உட்கார்ந்தோம்.

பையனின் அப்பா ராமையா வாளியைத் தானே வாங்கிக்கொண்டார். உரக்கடை வைத்திருப்பவர். கனத்த ஆள்.

"மாமன்காரருக்கு நாந்தேன் போடுவேன். வேற யாரும் கிட்ட வரப்படாது."

இலையில் சோறு மலையாக விழுந்தது.

"இம்புட்டு வேணாங்க. கொஞ்சம் போதும்."

"என்ன சார் கொஞ்சங்கிறீக? லண்டன்ல கோழிக்குஞ்சுக்குல்ல அம்புட்டு வைப்பாய்ங்க!"

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தால் உதடு வெடிக்கும், கவனமாகச் சிரித்தேன். பருப்புத்தண்ணீர் வரும் என்று கமலா சொல்லியிருந்தாள். உள்ளே போய்ச் சொல்லி வைத்ததாகவும் சொல்லியிருந்தாள். வந்தது கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. மேலே சிவப்பாக எண்ணெய் மிதந்தது.

அப்போது நான் செய்தது முதல் தவறு.

"கொஞ்சம் மோர் கிடைக்குமாங்க?" என்று கேட்டேன்.

மோர் கடைசியில் ஊற்றுவது. மோர் கேட்டால் சாப்பாடு முடிந்தது என்று பொருள். முதல் சோற்றுக்கு மோர் கேட்பவனை நானும் பார்த்ததில்லை. அடுக்களை வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்:

"மொதச் சோத்துக்கே மோரா? வந்த சோலி முடிஞ்சுச்சுன்னு கெளம்புறாரு போல."

"அண்ணனுக்கு வயித்துல அல்சருங்க," என்றாள் கமலா. அதே நொடியில் சுப்பையா, "வாயில அல்சர்," என்றார்.

ராமையா வாளியோடு நிமிர்ந்தார். "வயித்துலயா, வாயிலயா?"

"ரெண்டுலயுந்தேன்," என்றான் பாண்டி.

மறுபடி சிரிப்பு. இந்த முறை கொஞ்சம் குறைவு. ஆறு இலைகளும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. குழம்பு படாத சோறாகப் பார்த்து விரல் நுனியில் எடுத்தேன்.

"அட, கொழம்பத் தொட்டு எடுங்க சார். அவ அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வச்சது," என்று ராமையா குனிந்து என் சோற்றின்மேல் இன்னொரு கரண்டி ஊற்றினார். மரியாதையாகத்தான் செய்தார்.

வாயில் வைத்தேன். காரம் நாக்கின் இடது ஓரத்தைத் தொட்டது. அங்கே தோல் என்று சொல்ல ஒன்றுமில்லை. சோறு அண்ணத்தில் ஒட்டியது. தண்ணீர் குடித்தேன். தண்ணீர் இறங்கியது, சோறு இறங்கவில்லை. தள்ள முயன்றபோது தாடை பிடித்துக்கொண்டது. மூச்சுக்குழலுக்குள் ஒரு பருக்கை போயிருக்க வேண்டும். இருமல் வந்தது. சோறு என் இலையிலும் பாண்டியின் இலையோரத்திலும் ராமையாவின் வலது காலிலும் விழுந்தது.

இரண்டாவது தவறு இது. வாய் எரிந்த அவசரத்தில், கரண்ட் வைத்த நாளிலிருந்து என் கை எதைச் செய்து பழகியதோ அதைச் செய்தது. சட்டைப் பையிலிருந்த பாட்டிலை எடுத்து வாய்க்குள் இரண்டு முறை அடித்தேன்.

"ஏ, என்னத்தா அது, செண்டா?" என்றாள் அடுக்களை வாசலில் நின்ற ஒருத்தி.

"செண்டுதேன். நம்ம வீட்டுச் சோத்தத் தின்ன வாயி நாறுதாம்ல, பாரின் செண்டு அடிக்கிறாரு."

"அதேன் துப்பிட்டாரே. இன்னும் என்னத்துக்குச் செண்டு?"

ராமையா வாளியைத் தரையில் வைத்தார். துண்டால் காலைத் துடைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"சார், புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லிட்டுப் போகலாம். அதுக்கு வழக்கம் இருக்கு. சோத்தத் துப்பணும்னு இல்ல."

சுப்பையா எழுந்துவிட்டார். "அய்யய்யோ, அப்படி இல்லைங்க, அல்சரு—"

"வாத்தியாரே, ஒக்காருங்க. நான் கேக்குறது அவருகிட்ட."

செல்வம் சுவரோரம் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை. அவன் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோற்றை அவமதித்துவிட்டுப் போனவர்கள் என்று ஆனால் இந்தக் கல்யாணம் அந்த நிமிடமே முடிந்தது. நோயைச் சொன்னால் முடியலாம், முடியாமலும் போகலாம். அந்த இடத்தில் எனக்குக் கணக்கு அப்படித்தான் வந்தது.

"எனக்கு வாயில கேன்சர் இருந்துச்சுங்க," என்றேன். தண்ணீர். "கரண்டு வச்சாங்க. எச்சி ஊறாது, காரம் தாங்காது. இது செண்டு இல்ல, மருந்து." தண்ணீர். "உங்க சோத்துல ஒரு குறையும் இல்ல. புகையிலை போட்டு எனக்கு வந்தது. பிள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

கிணற்றடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை அடுக்களையை விட்டு வெளியே வராத பையனின் அம்மா வந்தார். என் இலைக்குப் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரை வாழையிலைக் கிழிசல் ஒன்றை வைத்துப் பிடித்து எடுத்தார். முற்றத்தைத் தாண்டிக் கொண்டுபோய் சாக்கடை ஓரம் கவிழ்த்து வைத்தார். பிறகு கையைக் கழுவினார். இரண்டு முறை கழுவினார். பாண்டி தன் இலையை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டான். அவன் சாப்பிடுவதை நிறுத்தவே இல்லை.

"இத வாசல்லயே சொல்லிருக்கலாம்ல?" என்றார் ராமையா.

"சொல்லிருந்தா இலை போட்டுருப்பீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "மாட்டேன்."

அன்று முழுக்க நான் கேட்ட நேரான பதில் அது ஒன்றுதான்.

6

கார் சமயநல்லூரைத் தாண்டியது. பிறகு சுப்பையா முன் சீட்டிலிருந்து திரும்பாமலே ஆரம்பித்தார்.

"சொல்லாதீகன்னு சொன்னேன்ல."

"துப்பிட்டேன்ல மச்சான். அதுக்கப்புறம் எதச் சொல்றது?"

"துப்புனா மானக்கேடு. மானக்கேட்டுக்குக் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கலாம். நான் விழுந்துருப்பேன். நோவுக்கு என்னத்தப் போய்க் கேக்குறது?"

"அண்ணனக் கொல்லாதீங்க," என்றாள் கமலா.

"நான் எங்க கொல்றேன்? எம்மக வாழ்க்கையப் பேசுறேன்." திரும்பி என்னைப் பார்த்தார். "நானே ரெண்டு நாள் கழிச்சுப் போய்ப் பேசிக்கிறேன். நீங்க கூட இருந்தா பேச முடியாது. டிக்கெட்ட முன்னாடி மாத்திக்கிட்டுக் கெளம்புற வழியப் பாருங்க."

பாண்டி என் முழங்காலைத் தட்டினான். "கொழம்பு நல்லாத்தாண்ணே இருந்துச்சு."

வாசலில் சுமதி நின்றிருந்தாள். கார் நிற்பதற்குள் படியிறங்கி வந்துவிட்டாள். காலையில் கட்டிய சேலையை மாற்றியிருக்கவில்லை. மற்ற யாரையும் அவள் பார்க்கவில்லை. நேராக என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"சாப்பிட்டீங்களா மாமா?"

எங்கள் ஊரில் ஒருநாளைக்குப் பத்துப் பேர் கேட்கிற கேள்வி. வாய் காய்ந்திருந்தது. பாட்டிலை எடுக்க மனமில்லை. இல்லை என்று தலையை மட்டும் அசைத்தேன். அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள். நான் அப்போதும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன்.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு டிராவல் ஏஜென்டிடம் டிக்கெட்டை மாற்ற மூன்று நாள் ஆனது. காரணம் எழுதித்தரச் சொன்னார்கள். 'சொந்தக் காரணம்' என்று எழுதினேன். 'போதாது' என்றார்கள். 'உடல்நிலை' என்று எழுதினேன். அப்படியானால் டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். மறுபடி அடித்துவிட்டு 'சொந்தக் காரணம்' என்றே எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் சுமதி என்னோடு பேசவில்லை. இன்ஸ்டிடியூட்டுக்குப் போனாள், வந்தாள். புறப்படும் நாள் காலையில் அவளே அரிசிக் கஞ்சி காய்ச்சி, துணியில் வடிகட்டி, ஆறவைத்து, உப்புப் பார்த்துக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு பருக்கை இல்லை. எனக்கு அப்படித்தான் வேண்டும் என்பதை எப்போது கவனித்தாள் என்று தெரியவில்லை. நான் குடித்து முடிக்கிறவரை நின்று பார்த்தாள்.

"ஒரு வாய் தான மாமா கேட்டேன்," என்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

7

அதற்குப் பிறகு கமலாவுக்கு ஐந்து கடிதம் எழுதினேன். இரண்டுக்குப் பதில் வந்தது. இரண்டிலும் மழை, வைகையில் தண்ணீர் வந்தது, சுப்பையாவின் முழங்கால் வலி. சுமதியைப் பற்றி ஒரு வரி: 'நலம்.' வசந்தாதான் சொன்னாள், "விடுங்க. நாமளா கேட்டுக் கேட்டு எழுதினா அதுவும் தப்பாப் போகும்," என்று. விட்டேன்.

இன்று பத்தரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இளம் டாக்டர். வாய்க்குள் விளக்கு அடித்துப் பார்த்தார், கழுத்தை அழுத்திப் பார்த்தார். ஒரு காகித அளவுகோலைப் பற்களுக்கு நடுவே வைத்து அளந்து எழுதிக்கொண்டார். நோய் திரும்பவில்லை என்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்றார். வாய் வறட்சியைப் பற்றிக் கேட்டேன். தண்ணீர் அதிகம் குடியுங்கள் என்றார். பதினேழு குச்சி பதினான்கு ஆனதைச் சொன்னேன். குச்சிகளை விடாமல் செய்யுங்கள் என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது கவிதா பள்ளிக்கூடம் போயிருந்தாள். வசந்தா வேலைக்குப் போயிருந்தாள். உறை மேசையிலேயே இருந்தது. கத்தியால் பிரித்தேன். உள்ளே கடிதம் எதுவும் இல்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை மட்டும் இருந்தது. நல்ல தாள். மதுரையில் அச்சடித்தது.

பழக்கப்படி மூன்று முறை படித்தேன். முதல் முறை எழுத்துக்கு. ஒற்றுப்பிழைகூட இல்லை.

இரண்டாம் முறை பெயர்களுக்கு. மணமகள் சுமதி. மணமகன் செல்வம், வாடிப்பட்டி ராமையா அவர்களின் குமாரர். தாய்மாமன் என்ற இடத்தில் பாண்டி, பாத்திரக்கடை, திருப்பரங்குன்றம்.

மூன்றாம் முறை எண்களுக்கு. முகூர்த்தம் முடிந்து முப்பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.